நைலான் கயிற்றில் குரோஷே: கயிறு வாங்குவது முதல் முனை முடிப்பது வரை

உல்லன் நூலிலும் பருத்தி நூலிலும் குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் வளையம் வளையமாகப் பின்னும் வேலை, பழகியவர்கள், சந்தைக்கு எடுத்துச் செல்லும் பை, குளியலறைக் கூடை, பூந்தொட்டி தொங்கவிடும் உறி போன்ற உழைக்கும் பொருள்களைப் பின்ன விரும்பும்போது நைலான் கயிற்றை நாடுகிறார்கள். ஊசியும் அதுதான், அதனால் போடும் வளையங்களான கண்ணிகளும் அவைதான். ஆனால் கயிற்றின் குணம் முற்றிலும் வேறு. உல்லன் நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் கண்ணிகள் போட்ட இடத்தில் நிற்கின்றன. முனையை நான்கைந்து கண்ணிகளுக்குள் நுழைத்துவிட்டால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. நைலான் இழை வழவழப்பானது. அதற்குப் பற்றிக்கொள்ளும் தன்மை மிகக் குறைவு. சுருட்டி வைத்த வளைவை நினைவில் வைத்திருந்து, விட்டவுடன் மீண்டும் அந்த வளைவுக்கே போகப் பார்க்கும். ஆகவே நைலான் வேலையில் ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதை நடுவிலுள்ள பின்னலைவிடத் தொடக்கம், இணைப்பு, முடிப்பு ஆகிய மூன்றுமே தீர்மானிக்கின்றன. இந்த வழிகாட்டியில் அந்த மூன்றுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

நைலானில் வலை பின்னும் மீனவர்கள் ஒவ்வொரு கண்ணியையும் முடிச்சிட்டே கட்டுகிறார்கள். ஆலைகளில் தயாராகும் நைலான் வலையில் முடிச்சுகள் நழுவாமலிருக்க வலையை இழுத்துப் பிடித்து வெப்பத்தால் இறுக்குகிறார்கள். நம் வீடுகளில் பின்னப்படும் வயர் கூடையிலும் ஒவ்வொரு கட்டமும் ஒரு முடிச்சுதான். குரோஷேயில் முடிச்சு என்பதே கிடையாது; வளையத்துக்குள் வளையமாக ஒரே கயிறு தொடர்ந்து ஓடுகிறது. வழவழப்பான கயிற்றை முடிச்சில்லாத பின்னலில் நிறுத்த வேண்டும் என்பதே இந்த வேலையின் சிக்கல்.

கயிற்றைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் நைலான் கயிறு என்று கேட்டால் கொடுப்பதெல்லாம் நைலானாக இருப்பதில்லை. கொடிக்கயிறாகவும் மூட்டை கட்டும் கயிறாகவும் விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன். அது சொரசொரப்பாக இருக்கும், விரலை அறுக்கும், வெயிலில் சில மாதங்களிலேயே துகள் துகளாக உதிரத் தொடங்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. ஒரு சிறு துண்டைச் சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி, இழைகளுக்கு நடுவே உள்ள காற்றையெல்லாம் பிழிந்து வெளியேற்றிவிட்டு விட்டுப் பாருங்கள். தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த பாலிபுரொப்பிலீன் மேலே வந்து மிதக்கும். நைலான் அடியில் போய்த் தங்கும். பாலியெஸ்டரும் மூழ்கும் என்பதால் இந்தச் சோதனை நைலானையும் பாலியெஸ்டரையும் பிரித்துக் காட்டாது. ஆனால் குரோஷேக்குப் பாலியெஸ்டர் கயிறும் ஏற்றதுதான். இங்கே சொல்லும் முறைகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கயிற்றின் கட்டமைப்பு. முறுக்குக் கயிற்றில் இரண்டு அல்லது மூன்று புரிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும். வெட்டியவுடன் முனை பிரியும். ஊசியின் கொக்கி புரிகளுக்கு நடுவே புகுந்து கண்ணியைப் பிளக்கும். பின்னப் பின்ன முறுக்கு ஏறியோ இறங்கியோ கயிறு தானாகவே சுருண்டுகொள்ளும். பல இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டு உருண்டையாக இருக்கும் பின்னல் கயிறே குரோஷேக்கு உகந்தது. பின்னல் கயிற்றிலும் உள்ளே தனி இழைக்கற்றை வைத்தது, உள்ளே வெற்றிடமாக இருப்பது என இரு வகை உண்டு. உள்ளே கற்றை வைத்த கயிறு விறைப்பாக நின்று கூடைகளுக்கு வடிவம் தரும். உள்ளீடற்ற கயிறு மென்மையாக வளையும், ஊசியில் அமுங்கிக் கொடுக்கும், இணைப்பதற்கும் மிக வசதியானது. முதன்முதலாக நைலானில் இறங்குபவர்களுக்கு 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள, உள்ளீடற்ற பின்னல் கயிற்றையே பரிந்துரைக்கிறேன். 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வேலை விரைவாக வளரும், ஆனால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். தூண்டிலுக்குப் பயன்படுத்தும் ஒற்றை இழை நரம்பு குரோஷேக்கு உதவாது; அது வளையமாக நிற்கவே நிற்காது.

ஒரு பொருளுக்குத் தேவையான கயிறு முழுவதையும் ஒரே முறையில், ஒரே சாய வார்ப்பில் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியில்) வாங்கிவிடுங்கள். கருநீலம், மெரூன் போன்ற நிறங்களில் அடுத்த வார்ப்பின் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

எவ்வளவு கயிறு தேவை

கயிற்றின் நெருக்கம் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடுவதால், இத்தனை கிராமில் ஒரு பை என்று பொதுவாகச் சொல்வது பயன்தராது. வாங்க நினைக்கும் கயிற்றில் முதலில் ஒரு சிறு உருண்டை வாங்கி, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுரத்தைப் பின்னிப் பாருங்கள். அதைப் பிரித்து, எத்தனை மீட்டர் செலவானது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு கணக்கு எளிது. இந்த வழிகாட்டியில் நாம் பின்னப்போகும் பைக்கு 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட அடிப்பகுதியும் 25 சென்டிமீட்டர் உயரமும் உண்டு. அடிப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர சென்டிமீட்டர். சுற்றளவு சுமார் 63 சென்டிமீட்டர் என்பதால் பக்கச்சுவரின் பரப்பு ஏறத்தாழ 1570. இரண்டும் சேர்ந்தால் 19 மாதிரிச் சதுரங்களுக்குச் சற்றுக் குறைவு. கைப்பிடிகளுக்கு மூன்று சதுரங்களின் கயிற்றையும், இணைப்புகளுக்கும் தவறுகளுக்கும் பத்தில் ஒரு பங்கையும் கூட்டிக்கொண்டால் போதும். மாதிரிச் சதுரம் வேறொரு வகையிலும் உதவுகிறது: கை இறுக்கம் எப்படி இருக்கிறது, துணி விறைக்கிறதா தொங்குகிறதா என்பதை அதுதான் காட்டும்.

ஊசியும் மற்றக் கருவிகளும்

2 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வரையிலான குரோஷே ஊசி பொருந்தும். கனமான பொருள் சுமக்கும் பைக்கு 3.5 எடுத்துக்கொள்ளலாம். 3 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 4.5 முதல் 6 வரை போகலாம். பிளாஸ்டிக் ஊசி இந்த இழுவையில் வளையும், மூங்கில் ஊசியின் கொக்கி உடைந்துபோகலாம். அலுமினியம் அல்லது எஃகு ஊசியே வேண்டும், அதிலும் கைப்பிடியில் ரப்பர் உறை இருப்பது நல்லது. கொக்கியின் குழிவு ஆழமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆழமற்ற கொக்கியிலிருந்து நைலான் நழுவிக்கொண்டே இருக்கும்.

இவற்றோடு பெரிய காதுள்ள மழுங்கிய தையல் ஊசி ஒன்று, கோணி ஊசி ஒன்று, கயிற்றின் நிறத்திலேயே கெட்டியான நைலான் தையல் நூல், கண்ணி மார்க்கர்கள் (கண்ணியில் அடையாளத்துக்காக மாட்டும் சிறு கொக்கிகள்), கூர்மையான கத்தரி, லைட்டர் ஆகியவை தேவை. கயிறு ஓடும் ஆள்காட்டி விரலில் துணி ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொள்ளுங்கள். நைலான் ஒரே இடத்தில் தொடர்ந்து உராய்ந்தால் தோலில் கோடு விழுந்து, பிறகு புண்ணாகும்.

கயிற்றைப் பழக்குதல்

உருளையிலிருந்து கயிற்றை எடுக்கும்போது உருளையை உருட்டி எடுங்கள். உருளையை நிற்க வைத்துத் தலைப்பக்கமாக இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். பை பாதி வளர்வதற்குள் கயிறு முழுக்கச் சுருள் விழுந்துவிடும். ஏற்கெனவே அழுத்தமான வளைவு விழுந்திருந்தால், கயிற்றைத் தளர்வான சிட்டமாகச் சுற்றி, கைபொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான சுடுதண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, கீழே லேசான பாரம் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். சூட்டிலும் ஈரத்திலும் நைலான் தளர்ந்து கொடுக்கும், காயும்போது நேராகிவிடும்.

அடிப்பகுதி

பையின் உடல் முழுவதும் சிங்கிள் குரோஷேயில்தான் பின்னுகிறோம். இங்கே அமெரிக்க வழக்கில் அப்படி அழைக்கப்படும் குட்டையான கண்ணியைக் குறிக்கிறேன். இதைப் போடும்போது சிறிய மாற்றம் ஒன்றைச் செய்யுங்கள். ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்த பிறகு, வழக்கம்போல் கயிற்றை ஊசியின் மேல் சுற்றி இழுக்காமல், ஊசியைக் கயிற்றுக்கு மேலாகக் கொண்டுபோய்க் கீழ்நோக்கிக் கொக்கியால் பிடித்து இழுங்கள். ஊசியில் இரண்டு வளையங்கள் வந்ததும், கடைசி இழுப்பை வழக்கம்போல், அதாவது கயிற்றை ஊசியின் மேல் சுற்றி இரு வளையங்களுக்குள்ளும் இழுத்து, முடியுங்கள். இப்படிப் போட்ட கண்ணி பெருக்கல் குறி வடிவில் தெரியும். அது சாதாரணக் கண்ணியைவிட இறுக்கமானது, கயிறும் சற்றுக் குறைவாகவே பிடிக்கும், சுற்றுகளில் கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போவதும் குறையும். வழவழப்பான கயிற்றுக்கு இந்த இறுக்கம் பெரிய உதவி. அதே நேரத்தில் கயிற்றைக் கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். இறுக்கத்தைக் கண்ணியின் அமைப்பு பார்த்துக்கொள்ளட்டும், விரல்கள் தளர்வாகவே இருக்கட்டும்.

தொடக்க வளையத்தை விரலில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றாகப் போடுங்கள். ஒற்றைச் சுற்று நைலானில் மெல்ல மெல்ல விரிந்து, அடியின் நடுவே ஓட்டையாகிவிடும். வாலாக, அதாவது வளையத்துக்கு வெளியே தொங்கும் முனையாக, குறைந்தது 20 சென்டிமீட்டர் கயிறு இருக்கட்டும். வளையத்துக்குள் 6 சிங்கிள் குரோஷே போட்டு, வாலை இழுத்து வளையத்தை மூடுங்கள். இரட்டைச் சுற்று என்பதால் முதலில் ஒரு சுற்றுதான் இறுகும். எது நகர்கிறது என்று பார்த்து, அதைப் பிடித்திழுத்து மற்றதையும் இறுக்கிய பிறகே வாலைக் கடைசியாக இழுக்க வேண்டும். உடனேயே வாலை மழுங்கிய ஊசியில் கோத்து, ஆறு கண்ணிகளின் அடியிலும் ஒரு முழுச் சுற்று ஓட்டி, நைலான் நூலால் நான்கைந்து தையல் போட்டு நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்தபின் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதை நான் ஆதரிக்கவில்லை. சுமை அழுத்தும் மையப்புள்ளி இது.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 12 ஆக்குங்கள். மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரட்டிப்பாக்கினால் 18. இப்படிச் சுற்றுக்கு ஆறு கண்ணிகள் கூடிக்கொண்டே போகும். கூடுதல் கண்ணியை எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்தில் போட்டால் வட்டம் அறுகோணமாகிவிடும். ஆகவே இரட்டைப்படைச் சுற்றுகளில் பாதித் தொலைவு தள்ளித் தொடங்குங்கள். சுற்றுகளை மூடாமல் சுருளாகவே போகலாம். சுற்றின் முதல் கண்ணியில் மார்க்கர் மட்டும் மறக்காமல் மாட்டுங்கள். 2 மில்லிமீட்டர் கயிற்றில் 3.5 ஊசியோடு ஒரு கண்ணி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வருமானால், 20 சுற்றில் 120 கண்ணிகளோடு 20 சென்டிமீட்டர் விட்டம் கிடைக்கும். உங்கள் கை அளவு வேறாக இருந்தால் சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்.

வட்டம் கிண்ணம்போல் குழிந்தால் கை இறுக்கம் அதிகம் என்று பொருள்; ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக்குங்கள். ஓரம் அலை அலையாக எழுந்தால் கண்ணிகள் கூடிவிட்டன. ஒரு சுற்றைக் கண்ணி கூட்டாமல் போட்டுப் பாருங்கள். உல்லன் வேலையில் இத்தகைய சிறு குறைகள் நனைத்து விரித்துக் காயவைத்தால் மறைந்துவிடும். நைலானில் அப்படி மறைவதில்லை, எனவே நான்கு சுற்றுக்கு ஒருமுறை வேலையை மேசைமேல் வைத்துச் சோதிப்பது அவசியம். வேலையை நிறுத்தி எழும்போது கடைசி வளையத்தில் மார்க்கர் மாட்டாமல் ஊசியை உருவக் கூடாது. வளையம் நழுவினால் உல்லனில் ஓரிரு கண்ணி பிரியும், நைலானில் வரிசையே ஓடிவிடும்.

பக்கச்சுவர்

இருபத்தொன்றாம் சுற்றைக் கண்ணி கூட்டாமல், ஒவ்வொரு கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் ஊசியை விட்டுப் பின்னுங்கள். முன்பக்க இழை ஒரு கோடாக வெளியே நின்று, அடிக்கும் சுவருக்கும் இடையே தெளிவான மடிப்பு விழும். அதன்பின் இரு இழைகளிலும் சேர்த்து, 120 கண்ணிகளாகவே 25 சென்டிமீட்டர் உயரம் வரை நேராக ஏறிச் செல்லுங்கள். கயிற்றை மிச்சப்படுத்த மேற்பாதியைச் செயின் வலையாக, அதாவது சங்கிலிக் கண்ணிகளால் இடைவெளி விட்டு, பின்னுவோரும் உண்டு. காய்கறிப் பைக்கு அது போதும். ஆனால் பாரம் ஏறும்போது வலைப்பகுதி நீண்டு இறங்கும் என்பதால் அரிசியோ பழமோ சுமக்கும் பைக்கு அடர்த்தியான பின்னலே நல்லது. வாயின் கடைசிச் சுற்றை ஸ்லிப் ஸ்டிட்ச்சில் (கயிற்றைக் கண்ணி வழியாகவும் ஊசியிலுள்ள வளையம் வழியாகவும் ஒரே இழுப்பில் இழுத்துப் போடும் மிகக் குட்டையான கண்ணி) முடியுங்கள். அது வாய் விரிந்து தொங்காமல் தடுக்கும்.

புதிய கயிற்றை இணைத்தல்

இரு முனைகளையும் நெருப்பில் காட்டி உருக்கி ஒட்டுவதே பரவலாகச் செய்யப்படும் இணைப்பு. இதை நான் ஏற்கவில்லை. உருகி உறைந்த இடம் கெட்டியான குமிழாகிவிடும். அது வளையாது, வளைத்தால் உடையும், கையையும் கீறும். உள்ளீடற்ற கயிறாக இருந்தால் இதைவிட மிக நல்ல வழி உண்டு. புதிய கயிற்றின் முனையைச் சாய்வாக வெட்டி, மெல்லிய ஒட்டுநாடாவால் கூராகச் சுற்றி, மழுங்கிய ஊசியின் உதவியோடு பழைய கயிற்றின் குழிக்குள் ஆறேழு சென்டிமீட்டர் செலுத்துங்கள். வெளிக்கயிற்றை அதன்மேல் நீவி இழுத்துவிட்டு, நைலான் நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிடுங்கள். இழுக்கும்தோறும் வெளிக்கயிறு உள்கயிற்றை இறுக்கிப் பிடிக்கும். இணைப்பின் தடிமன் சற்றே கூடும், அவ்வளவுதான்.

உள்ளே கற்றை வைத்த கயிற்றில் இது முடியாது. அங்கே பழைய கயிறும் புதிய கயிறும் 15 சென்டிமீட்டர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். இரு முனைகளையும் வேலையின் மேல்விளிம்போடு கிடத்தி, அவற்றை உள்ளடக்கியே கண்ணிகளைப் போட்டுச் செல்லுங்கள். பிறகு நூலால் தைத்து நிறுத்துங்கள். எந்த முறையானாலும், கைப்பிடி வந்து சேரும் இடத்திலோ அடி மடிப்பிலோ இணைப்பு விழாதபடி முன்கூட்டியே சற்று வெட்டிக்கொள்வது நல்லது.

கைப்பிடி

பின்னப்பட்ட கைப்பிடி பாரத்தில் நீளும். நைலான் இழையே இழுவைக்கு ஓரளவு நீண்டு கொடுக்கும் பொருள்; வளையங்களின் நெகிழ்வும் அதோடு சேர்ந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க, சுமையைக் கண்ணிகளிடம் விடாமல் நேரான கயிற்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

பையைத் தட்டையாக மடித்து, இரு மடிப்பு ஓரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சுருள் வேலையில் கண்ணிகள் சாய்ந்திருக்கக்கூடும் என்பதால், சுற்றுத் தொடக்க மார்க்கரை வைத்து இடத்தைக் கணக்கிட வேண்டாம். மடித்துப் பார்ப்பதே சரி. ஒவ்வொரு பக்கமும் 60 கண்ணிகள் இருக்கும். ஓரத்திலிருந்து இருபதாவது கண்ணியிலும் நாற்பதாவது கண்ணியிலும் குறியிடுங்கள். 80 சென்டிமீட்டர் நீளமுள்ள கயிற்றுத் துண்டுகள் இரண்டை ஒன்றாகச் சேர்த்து, இரு குறிகளிலும் வாயோரத்துக்குக் கீழே சுவரினூடாக உள்ளே செலுத்துங்கள். ஒவ்வொரு முனையும் உள்பக்கமாக 15 சென்டிமீட்டர் கீழே இறங்கட்டும். சுற்றுகளுக்கு ஊடாக வளைத்து வளைத்து ஓட்டி, கோணி ஊசியும் நைலான் நூலும் கொண்டு உறுதியாகத் தையுங்கள். கோணி ஊசியின் கூர்மை இழைகளைப் பிளந்து செல்லும், தையலுக்கு இங்கே அதுதான் தேவை. வெளியே 50 சென்டிமீட்டர் கைப்பிடி நிற்கும். அந்த இரட்டைக் கயிற்றை உள்ளடக்கி, ஒரு முனை முதல் மறுமுனை வரை நெருக்கமாகச் சிங்கிள் குரோஷே போடுங்கள். திரும்பி வரும்போது அதன் மேல் இன்னொரு வரிசை போட்டால் கைப்பிடி பட்டையாகித் தோளை அறுக்காது. மறுபக்கத்துக்கும் இதே முறைதான்.

முனைகளை முடித்தல்

ஒவ்வொரு முனையையும் மழுங்கிய ஊசியில் கோத்து, முதலில் ஒரு திசையில் ஐந்தாறு கண்ணிகள், பிறகு எதிர்த்திசையில், பிறகு அடுத்த சுற்றுக்கு இறங்கி என மூன்று முறை திருப்பி ஓட்டுங்கள். நூலால் தைத்த பிறகே நெருப்பை எடுக்க வேண்டும். தைக்காமல் முனையை உருக்குவது மட்டும் போதும் என்ற எண்ணம் சரியல்ல. உருக்குவது இழை பிரியாமல் தடுக்குமே தவிர, கயிறு நழுவி வெளியே வருவதைத் தடுக்காது.

நைலான் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 220 அல்லது 260 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. உருகிய துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும் என்பதால் சாதாரணச் சூட்டுக் காயத்தைவிட அது கொடுமையானது. பருத்தி ஆடை உடுத்திக்கொண்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், தண்ணீர் ஊற்றிய எஃகுத் தட்டின் மேலே வைத்துச் செய்யுங்கள். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. முனையை 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, தீச்சுடரின் நீலப் பகுதிக்கு அருகே மட்டும் கொண்டுபோங்கள். சுடருக்குள் நுழைத்தால் கருகிக் கறுத்துவிடும். மெழுகுவர்த்திச் சுடரும் கரி படியச் செய்யும். மெல்லிய கயிற்றுக்கு ஊதுபத்தியின் கனல்முனையே போதும், சுற்றியுள்ள கண்ணிகளுக்கும் அது பாதுகாப்பானது. உருகிய முனையை ஈரமான எஃகுக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள், விரலால் ஒருபோதும் தொடாதீர்கள். ஆறியதும் முனையைக் கண்ணிக்குள் இழுத்து மறைத்துவிடலாம். வெட்டி மிஞ்சிய துண்டுகளை அடுப்பிலோ குப்பையோடு சேர்த்தோ எரிக்காமல், அடுத்த கூடையின் உள்நிரப்பியாகச் சேர்த்து வையுங்கள்.

பயன்படுத்துதலும் பராமரிப்பும்

நைலானில் பின்னக் கூடாத பொருள்களும் உண்டு. சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, பாத்திரம் வைக்கும் விரிப்பு ஆகியவற்றை இதில் பின்னவே வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியின் சூட்டில் அது இளகி, உருகி, கையில் ஒட்டும். கைக்குழந்தைகளுக்கான பொருள்களுக்கும் பருத்தியே ஏற்றது.

பையைக் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பால் கழுவுங்கள். குளோரின் ப்ளீச் நைலானைச் சிதைக்கும். வெள்ளை நைலான் மற்றத் துணிகளிலிருந்து கசியும் சாயத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்பதால் தனியாகவே அலச வேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிர் இழையின் வலிமையைக் குறைக்கும். பையை நிழலில் காயவையுங்கள், பால்கனியில் நிரந்தரமாகத் தொங்கும் உறியை ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தி இழுத்துச் சோதியுங்கள். இழைகள் பொடிந்து மாவுபோல் விரலில் ஒட்டினால் அதைக் கழற்றிவிட வேண்டிய நேரம் அது.

பையில் எங்காவது ஒரு கண்ணி அறுந்தால் தாமதிக்காமல் அருகிலுள்ள எல்லா வளையங்களிலும் மார்க்கர் மாட்டுங்கள். அறுந்த கயிற்றின் இரு பக்கத்தையும் மூன்று கண்ணிகள் வரை பின்னோக்கிப் பிரித்து, முனைகளைத் தைப்பதற்குப் போதிய நீளமாக்குங்கள். அதே நிறத் துண்டுக் கயிறு ஒன்றை மழுங்கிய ஊசியில் கோத்து, பிரித்த கண்ணிகள் ஓடிய பாதையிலேயே வளையம் வளையமாக மீண்டும் ஓட்டி, நான்கு முனைகளையும் முன்சொன்ன முறையில் மூன்று திசைகளில் திருப்பித் தைத்து முடியுங்கள். இந்த வேலைக்காகவே ஒவ்வொரு பொருளைப் பின்னி முடித்ததும் அதன் கயிற்றில் இரண்டு மீட்டரைத் தனியே சுற்றி, பையின் உட்புறத்திலேயே கட்டிவைப்பது நல்ல பழக்கம்.